சம்பூர்ணத்தம்மாளின் கால் நகம்

டாக்டர் குலசேகரன் இருபத்திரண்டு வருஷம் அறுவை சிகிச்சை செய்தவர். ஐம்பதைத் தாண்டியபின் முதியோர் மருத்துவம் கற்கும் ஆசை வந்தது. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். கற்றுக்கொடுத்த டாக்டர் நஸ்ரினுக்கு வயது முப்பத்தாறு.

ஒரு மாதத்திலேயே குலசேகரனுக்கு மனசு விட்டுப்போனது.

"இங்கே யாரும் குணமாகி வீட்டுக்குப் போகப் போறதில்லை. டாக்டருக்கு என்ன வேலை மேடம்?"

நஸ்ரின் சம்பூர்ணத்தம்மாளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு போனார்.

சம்பூர்ணத்தம்மாளுக்கு எண்பத்தொரு வயது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டார். இன்னொரு தரம் விழுந்தால் கட்டிலை விட்டு இறக்குவதில்லை என்று இல்லத்தில் முடிவு செய்திருந்தார்கள். குலசேகரன் ஏற்கெனவே அவர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தார், ரத்த அழுத்த மாத்திரையைக் குறைத்திருந்தார், கண்ணையும் சோதித்திருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"சாக்ஸைக் கழற்றிப் பார்த்தீங்களா சார்?" என்றார் நஸ்ரின்.

பார்க்கவில்லை. இப்போது கழற்றினார். நகங்கள் கொம்பு மாதிரி தடித்து வளைந்து, பக்கத்து விரலில் குத்திக்கொண்டிருந்தன. சர்க்கரை உள்ளவர் என்பதால் வெட்டப் பயந்து பணிப்பெண்கள் விட்டுவிட்டார்களாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இவ்வளவு பெரிய டாக்டரிடம் நகத்தையா காட்டுவது என்று கூச்சப்பட்டார் அம்மாள்.

நஸ்ரின் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரும் நகவெட்டியும் வரவழைத்துக் கொடுத்தார். குலசேகரன் தரையில் உட்கார்ந்தார். எத்தனையோ வயிறுகளைத் திறந்தவர், அந்தச் சுண்டுவிரல் நகத்தைத் துளித்துளியாக நறுக்கினார். முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அடுத்த வாரம் ஒரு காலையில் அம்மாளின் கட்டில் காலியாக இருந்தது. குலசேகரன் பதறிப்போய்த் தேடினார். பின்கட்டடத்தில் படுத்த படுக்கையாக இருந்த ஆரோக்கியமேரியின் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரே வளாகத்தில் இருந்தும் நாலு மாதமாக முகம் பார்க்காத சிநேகிதிகள். பழைய போஸ்ட்மாஸ்டர் ஒருவர் எப்படி நடப்பார் என்று சம்பூர்ணத்தம்மாள் நடந்து காட்டிக்கொண்டிருந்தார். மேரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்ற டாக்டரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மாறாமலே வந்து கேஸ் ஷீட்டைத் திறந்தார். பேனா நின்றது.

"நகம் வெட்டினேன்னு எழுதினா நல்லாவா இருக்கும்? என்ன எழுதட்டும் மேடம்?"

"யாரைப் பார்க்கப் போனாங்கன்னு எழுதுங்க சார்."