நூறு ஓலைக்குக் காத்திருந்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் கரடி ஒன்று வைத்தியசாலை நடத்தி வந்தது. ஏரிக்கரை மருதமரங்களுக்கு அடியில் இருபது புல் படுக்கைகள். எதிர்க்கரையில் முள்ளம்பன்றி கல்லூரி நடத்தி வந்தது. அங்கே படித்த குரங்குகளுக்கு எல்லா நோயும் பெயரோடு தெரியும். ஆனால் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை! கரடிக்கோ நோயாளிகளைப் பார்க்கவே பொழுது போதவில்லை. படிக்க ஏது நேரம்?

"நாம் இருவரும் சேர்ந்து வேலை செய்தால் என்ன?" என்று ஒருநாள் முள்ளம்பன்றி கேட்டது.

"தாராளமா!" என்றது கரடி.

நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றின் மேல் மற்றொன்றுக்கு முழு நம்பிக்கை இல்லை. அதனால் ஒப்பந்தத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தன: நோயாளிகள் வைத்தியசாலையின் பொறுப்பு, அவர்களைப் பற்றிய குறிப்பு ஓலைகள் கல்லூரியின் சொத்து. ஒருவர் விஷயத்தில் மற்றவர் தலையிடக் கூடாது.

மழைக்காலம் முடிந்ததும் காட்டில் வாந்தியும் பேதியும் கிளம்பின. தினமும் காலையில் குரங்குகள் வந்தன. என்ன தின்றாய், எங்கே குடித்தாய், எங்கே படுத்தாய் என்று ஒவ்வொரு நோயாளியையும் கேட்டு எழுதிக்கொண்டு போயின. கரடி மூலிகையும் மலை ஊற்று நீரும் கொடுத்தது. இரண்டே நாளில் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"வீட்டுக்குப் போ! நிறையத் தண்ணி குடி!" என்று கரடி முதுகில் தட்டி அனுப்பியது.

போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள். அணில் மூன்று தடவை வந்தது. மூன்றாம் தடவை அது பிழைக்கவில்லை.

நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட வாலாட்டிக்குருவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. படுக்கைக்குப் படுக்கை தாவியது. வாசலுக்கு ஓடியது, திரும்பி வந்தது.

"ஐயா, போனவங்களே திரும்பத் திரும்ப வர்றாங்களே, ஏன்?"

"வந்தா மறுபடி வைத்தியம் பாப்போம். அதுக்குத்தானே இருக்கோம்!" என்றது கரடி. பச்சிலை அரைப்பதை அது நிறுத்தவே இல்லை.

அன்று நீர்நாய் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தது. குட்டிக்கும் இது மூன்றாம் தடவை. வழக்கம்போல ஒரு குரங்கு கேட்டு எழுதிக்கொண்டு போனது. குட்டியின் தலை தொங்கியது. மருந்து உள்ளே போகவில்லை.

"என் பிள்ளையும் அணில் மாதிரி போயிடுமா?" என்று தாய் கேட்டது. கரடி மறுபடி பச்சிலை அரைக்கப் போனது.

குருவி விருட்டென்று ஏரியைத் தாண்டிப் பறந்தது. கல்லூரியில் முள்ளம்பன்றி ஓலைகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

"பேராசிரியரே! இந்த நோய் எங்கேருந்து வருதுன்னு உங்க ஓலையில ஏதாவது இருக்கா?"

"இருக்கிறதே!" முள்ளம்பன்றி பெருமையாக முள்ளைச் சிலிர்த்தது. "முப்பதாவது ஓலையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நோய் வந்த அத்தனை பேரும் ஏரியின் தாழைத்துறையில் தண்ணீர் குடித்தவர்கள்."

"முப்பதிலேயேவா! ஏன் சொல்லல?"

"நூறு ஆகட்டும். அதற்குள் சொன்னால் மற்ற அறிஞர்கள் சிரிப்பார்கள். இன்றோடு தொண்ணூற்றெட்டு. தவிர, நோயாளிகள் கரடியின் பொறுப்பு. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்!"

குருவி வந்த வேகத்தில் திரும்பி எல்லாவற்றையும் சொன்னது. செய்தியைக் கேட்ட கரடியின் கையிலிருந்து அரைகல் விழுந்தது.

"தாழைத்துறையா? ஐயோ! நான்தானே நிறையத் தண்ணி குடின்னு சொல்லிச் சொல்லி அனுப்பினேன்!"

நீர்நாய் அதற்கு மேல் கேட்கவில்லை. குட்டியைத் தலை நனையாமல் கவ்விக்கொண்டு எதிர்க்கரைக்கு நீந்தியது. நேரே கல்லூரிக்குள் போய், குட்டியை ஓலைகளின் மேல் கிடத்தியது.

"என் பிள்ளை எத்தனாவது?"

முள்ளம்பன்றி ஓலைகளைப் புரட்டியது. "அறுபத்தொன்று... எண்பது... தொண்ணூற்றெட்டு."

"ஒரே பிள்ளையை மூணு தடவை எழுதியிருக்க! முதல் தடவையே வாயைத் திறந்திருந்தா மிச்ச ரெண்டு தடவை இது விழுந்திருக்குமா? இன்னும் ரெண்டு வேணுமா உனக்கு? யார் யாருன்னு சொல்லு. அவங்க அம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன்!"

முள்ளம்பன்றி குட்டியைப் பார்த்தது. 'கண்கள் குழி விழுந்தன' என்று அதன் ஓலைகளில் தொண்ணூற்றெட்டு இடத்தில் எழுதியிருந்தது. குழி விழுந்த கண்ணை அது பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதற்கு வெட்கமாக இருந்தது. முட்கள் தாமாகப் படிந்தன.

"ஓடுங்கள்!" என்று குரங்குகளைப் பார்த்துக் கத்தியது. "தாழைத்துறைத் தண்ணீரை யாரும் தொடக் கூடாது என்று மரத்துக்கு மரம் சொல்லுங்கள்!"

"ஐயா, நூறு ஆகவில்லையே!"

"நூறு ஆகவே வேண்டாம்!"

முள்ளம்பன்றி தானே போய்த் துறையை மறித்து நின்றது. கரடி ஏரியைச் சுற்றி ஓடி வந்து தாழம்புதரைப் பிளந்தது. உள்ளே செத்த காட்டுப்பன்றி ஒன்று தண்ணீரில் அழுகிக் கிடந்தது. இரண்டும் சேர்ந்து அதை இழுத்துப் போய்ப் புதைத்தன.

குருவி ஊற்று நீரை அலகில் கொண்டுவந்து குட்டியின் நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டது. போவதும் வருவதுமாக இரண்டு நாள் ஓடின. யாரும் உட்காரவில்லை, யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் குட்டி கண்ணைத் திறந்தது.

"அம்மா, பசிக்குது! மீன் வேணும்!"

கரடி அழுதேவிட்டது. தாய் நீர்நாய் முள்ளம்பன்றியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது: "அணிலோட அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?"

முள்ளம்பன்றி தலை குனிந்தபடியே அணில் வீட்டுக்கு நடந்தது. கரடியும் கூடவே போனது.

நோயைக் கண்டறிகிறவரும் நோயாளியைக் காப்பாற்றுகிறவரும் தமக்குத் தெரிந்ததை உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளாவிட்டால், அவர்கள் கூட்டுச் சேர்ந்தும் உயிர் போகும்.