தண்ணீர் வடிந்த நேரம்

"நான் ஊருக்கே போயிடுறேம்மா," என்றார் சாத்தையா. மூட்டை கக்கத்தில் இருந்தது.

வடிவம்மை அந்தக் கடற்கரை மடத்தின் குரு. வயதில் சாத்தையாவைவிட இளையவர்.

"என்ன அண்ணாச்சி, திடீர்னு?"

"வந்து மூணு மாசமாச்சு. ஒருத்தரும் முகங்கொடுத்துப் பேசல. சம்சாரம் போனதும் வீட்டுல தனியாக் கிடந்தேன். இங்க இத்தனை பேருக்கு நடுவுல தனியாக் கிடக்கேன். இதுக்கு வீடே தேவல."

வடிவம்மை கடற்கரைப் பக்கம் கை காட்டினார்.

"சரி. கரையில உயிரோட கிடக்கிறதை எல்லாம் எடுத்துட்டு வாங்க. எது எதுக்குச் சொந்தமோ அதோட சேர்த்து வைங்க. வச்சுட்டுக் கிளம்புங்க."

இது என்ன கூத்து என்று நினைத்தாலும் போனார். காலம் பூராவும் மளிகைக் கடை வைத்திருந்தவருக்கு, வகை பிரிப்பது சொல்லியா தரவேண்டும்?

ஈரமணல் போட்ட சட்டிகளை வரிசையாக வைத்தார். மெத்தென்ற உடம்பை ஓட்டுக்குள் ஒளித்துக்கொண்ட நத்தையும் சிப்பியும் ஒன்றில். கணுக்கணுவாகக் கால் வைத்த நண்டும் இறாலும் ஒன்றில். உடம்பே வளையம் வளையமாக இருந்த புழுக்கள் ஒன்றில். பேருக்கு மட்டும் மீனான நட்சத்திர மீன் தனியாக.

கடைசியில் ஒரு கல். அதன்மேல் சின்னச் சின்ன வெள்ளைக் கூடுகள் அப்பியிருந்தன. படகின் அடியிலும் பாறையிலும் பிடித்துக்கொண்டு, மிதித்தால் காலைக் கிழிக்குமே, அந்தக் கொட்டலசுச் சனியன்தான். நத்தைச் சட்டியில் போட்டார்.

வடிவம்மை கல்லை வெளியே எடுத்தார்.

"இது இதோட சொந்தமில்ல."

"ஓடு இருக்கும்மா. நகரவும் காணோம். வேற எங்க வைக்க?"

"எடுத்த இடத்துலயே வச்சுட்டுப் பக்கத்துல உட்காருங்க."

உட்கார்ந்தார். வெயில் ஏறியது. கல்லும் அவரும்தான். துணைக்கு ஒரு காக்கைகூட வரவில்லை. வாழ்க்கையே இப்படித்தான் ஆகிவிட்டது என்று அழுகை வந்தது. அழுதார்.

கடல் ஏறி வந்து கல்லை மூடியது.

கூட்டின் உச்சியில் ஒரு கதவு திறந்தது. உள்ளிருந்து இறகு போல ஒரு கொத்துக் கால்கள் வெளியே வந்து தண்ணீரைத் துழாவின. பக்கத்துக் கூடும் திறந்தது. பிறகு கல் முழுக்க. சுற்றியிருந்த பாறைகள் முழுக்க.

இடுப்பு வரை நனைந்து, கல்லோடு ஓடி வந்தார். நண்டுச் சட்டியில் வைத்தார்.

"நண்டுக்குச் சொந்தம்மா இது! உள்ளே கால் இருக்கு, கணுக்கணுவா."

"காலையில தெரியலையா?"

"காலையில தண்ணி வடிஞ்சு கிடந்துச்சு. அத்தனையும் மூடிக்கிட்டு இருந்துச்சு."

உள்ளே கூடத்தில் இலை போடும் சத்தம் கேட்டது. யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க எப்ப சாப்பிட வருவீங்க?"

"நான் எப்பவும் எல்லாரும் எழுந்து போன பிறகுதான்…"

சாத்தையா நிறுத்தினார். கூடத்துப் பக்கம் பார்த்தார்.

"பந்தி ஆரம்பிச்சுட்டாங்களாம்மா?"