பட்டுப்போகாத கட்டைகள்

கேளுங்கள். முன்னொரு காலத்தில், பனிமலைகளுக்கு வடக்கே மாட்டுவண்டியையே வீடாகக் கொண்டு அலைந்த கிழக்குக் கோத்தர் என்றொரு இனத்தார் இருந்தார்கள். அவர்களில் ஒரு சிறு கூட்டத்துக்கு மெரிலா தலைவன். அவனுக்குச் சண்டை தெரியும், குதிரை தெரியும், மாடு தெரியும். மண் மட்டும் தெரியாது.

ஒரு கடுங்குளிரில் அவர்கள் மலை தாண்டி இத்தாலிக்கு வந்தார்கள். அந்நாட்டை வென்ற தங்கள் அரசனின் ஆணைப்படி, லூப்பன் என்ற உழவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்குக் கிடைத்தது.

அந்தப் பங்கில் இலையே இல்லாமல், முறுக்கிக்கொண்ட கட்டைகள் வரிசையாக நின்றன.

"எல்லாம் பட்டுப்போனவை" என்றான் மெரிலா. முதல் கோடரி வீச்சு அவனுடையது. எல்லாக் கட்டைகளையும் வேரோடு பறித்து எரித்தார்கள்; அன்று குழந்தைகள் குளிர் காய்ந்தார்கள். வேலிக்கு அப்பால் லூப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். வாய் திறக்கவில்லை.

வசந்தம் வந்தது. லூப்பனின் இரண்டு பங்கிலும் கட்டைகள் துளிர்த்தன. அத்தனையும் திராட்சைக் கொடிகள். மெரிலாவின் பங்கில் வெறும் குழிகள்.

"நம் மண்ணுக்குச் சூனியம் வைத்துவிட்டான்!" என்று கத்தினான் குதிலா என்ற வீரன். "இவன் தலையை எடுப்போம், மிச்ச நிலத்தையும் எடுப்போம்!"

ஒருவன் சொன்னது பிடித்திருந்தால் ஈட்டியால் கேடயத்தைத் தட்டுவது அவர்கள் வழக்கம். எல்லாக் கேடயங்களும் அதிர்ந்தன. லூப்பனை இழுத்துவந்து நடுவே நிறுத்தியிருந்தார்கள். தலைவன் தலையசைத்தால் போதும், கதை முடிந்துவிடும்.

மெரிலா துளிர்களை உற்றுப் பார்த்தான். அதே கட்டை. அதே முறுக்கு. தான் வெட்டியதும் இதைத்தான். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஓர் உயிர் போகும்.

"அன்றே ஏனய்யா சொல்லவில்லை?" என்று லூப்பனிடம் கேட்டான்.

"உங்கள் கையில் கோடரி இருந்தது, நீங்கள் கேட்கவும் இல்லை" என்றான் லூப்பன். பிறகு தலை குனிந்தான். "கெட்டுப் போகட்டும் என்றுதான் நானும் விட்டேன்."

கூட்டம் உறுமியது. மெரிலா எழுந்தான்.

"உயிருள்ள கொடியை வெட்டியது யார்? நான். எரித்தது யார்? நான். கேட்காமல் விட்டது யார்? நான். இவனைத் தொடுகிறவன் முதலில் என்னைத் தொடட்டும்."

ஒரு கேடயமும் ஒலிக்கவில்லை. அவன் கோடரியைக் கீழே வைத்தான்.

"லூப்பா, இதை எப்படி வளர்ப்பது?"

லூப்பன் ஓடினான். குளிர்காலத்தில் கொடிகளை நறுக்கிக் கவாத்து செய்தபோது மணலில் புதைத்து வைத்திருந்த குச்சிகளைக் கட்டாகக் கொண்டுவந்தான். மெரிலா மண்டியிட்டு முதல் குச்சியை நட்டான்.

"ஐயோ, தலைகீழ்!" என்றான் லூப்பன்.

குதிலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி தன் கேடயத்தைத் தட்டினான். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

மூன்றாம் ஆண்டு அந்தக் குழிகளில் திராட்சை பழுத்தது.

தெரியாததைக் கேட்கிறவனும் தெரிந்ததைச் சொல்கிறவனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் ஊர் பிழைக்கும்.