உள்ளானும் உப்புப் பையும்

உப்பளத்து வரப்பில் இரண்டு பேர் குப்புறப் படுத்திருந்தார்கள். முன்னால் ஜெயசீலி. இருபது வருடமாகப் பறவைகளைப் படம் எடுப்பவர். பின்னால் வேதரத்தினம். அவரிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்பவர். ஆசிரியைக்கு வயது நாற்பத்தொன்று. மாணவருக்கு ஐம்பத்தெட்டு.

எதிரே இருந்த குட்டையில் ஓர் உள்ளான் பறவை இரை தேடிக்கொண்டிருந்தது. அதன் காலில் மஞ்சள் பட்டை, பட்டையில் மூன்று எழுத்துகள். நான்கு வருடத்துக்கு முன் இதே குட்டையில் ஜெயசீலி மாட்டிவிட்ட பட்டை அது.

குட்டையை மூடி இறால் பண்ணை வைக்கப் போகிறார்கள். "இங்கே எந்தப் பறவையும் திரும்பி வருவதில்லை" என்று அனுமதி கேட்ட மனுவில் எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. அன்று சனிக்கிழமை. எழுத்துகள் தெரிகிற ஒரு படம் வேண்டும்.

பட்டை இன்னும் பாதி தண்ணீருக்குள் இருந்தது. பறவை இரண்டடி மேடேறினால் போதும். ஜெயசீலி மூச்சை அடக்கினார்.

பின்னால் 'கர்ர்ரக்' என்று ஒரு சத்தம். வேதரத்தினம் பையின் வெல்க்ரோ மூடியைப் பிரித்திருந்தார்.

உள்ளான் பறந்துவிட்டது.

ஜெயசீலி எழுந்து உட்கார்ந்தார்.

"எதை சார் எடுத்தீங்க?"

"டெலிகன்வர்ட்டர், டீச்சர். அதைப் போட்டா இன்னும் பெருசாத் தெரியும்."

"இப்ப எவ்வளவு பெருசாத் தெரியுது?"

குட்டையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஜெயசீலி அவர் பையை இழுத்து, ஒவ்வொன்றாக வரப்பில் எடுத்து வைத்தார். முக்காலி. மூன்று ஃபில்டர். ரிமோட். மழை உறை. ஃப்ளாஷ்.

"ஃப்ளாஷ் எதுக்கு? உள்ளானுக்குக் கல்யாணமா?"

வேதரத்தினத்துக்கும் கோபம் வந்தது.

"போதும் டீச்சர்! என்ன வாங்கலாம், என்ன வாங்கலாம்னு ஒரு வருஷமாக் கேக்குறேன். ஒரு நாள் வாயத் திறந்தீங்களா? கடைக்காரன் சொன்னான், வாங்கினேன்."

"நான் ஒரு வருஷமா உங்ககிட்ட என்ன கேட்டேன்?"

"இன்னைக்கு என்ன பாத்தீங்கன்னு."

"சரி. என்ன பாத்தீங்க? பட்டை எந்தக் கால்ல இருந்துச்சு?"

வேதரத்தினம் எழுந்தார். பொருள்களை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு நடந்தார். முக்காலியை மறந்து, பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை வந்தபோது அவரிடம் கேமராவும் தோளில் ஒரு துண்டும்தான் இருந்தன.

"இன்னைக்கு ஒண்ணுமே கொண்டு வரல. திருப்திதானே?"

"படுத்துக்கிட்டு அவ்வளவு கனமான லென்ஸை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிப்பீங்க?"

"பிடிப்பேன்."

"கை நடுங்கும். எழுத்து கலங்கும். நேத்து மூட்டை, இன்னைக்கு வீம்பு. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான் சார்."

ஜெயசீலி தோள்பையிலிருந்து இரண்டு துணிப் பைகளை எடுத்தார். பழைய பேண்ட் காலை வெட்டித் தைத்தவை. உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றை அவர் மடியில் எறிந்தார்.

"இதுல என்ன டீச்சர் போடணும்?"

ஜெயசீலி பக்கத்திலிருந்த உப்புக் குவியலில் தன் பையை நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டினார். வேதரத்தினமும் அப்படியே செய்தார். பையை வரப்பில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, அதில் லென்ஸைச் சாய்த்தார். லென்ஸ் அசையாமல் நின்றது.

ஒரு மணி நேரம் இருவரும் குப்புறப் படுத்திருந்தார்கள்.

உள்ளான் வந்தது. வேதரத்தினத்தின் பக்கம் இறங்கியது. ஜெயசீலிக்குப் பட்டை தெரியவில்லை, நகரவும் முடியாது.

"எந்தக் கால்?" என்று அசையாமல் கேட்டார்.

"இடது. முட்டிக்கு மேல. பட்டையோட ஓரம் உடைஞ்சிருக்கு. டீச்சர்... அது லேசா நொண்டுது."

"எழுத்து?"

"இன்னும் திரும்பல."

வேதரத்தினம் காத்திருந்தார். பறவை மேடேறித் திரும்பியபோது நான்கு முறை ஷட்டர் விழுந்தது.

பிறகு கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மூன்று எழுத்தும் தெரிந்தன. ஜெயசீலி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

வேதரத்தினம் உப்புப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"வீட்டுக்கு, டீச்சர். கட்டினபடியே பத்திரமா வச்சுக்குறேன். இனிமே எங்க போனாலும் இது என்கூட வரும்."

ஜெயசீலியின் முகம் சிவந்தது.

"அடுத்த வாரம் ஆத்துக்குப் போறோம். அங்க மணல் கிடக்கு. உப்பைக் கொட்டுங்க சார்."