பாஸ்பரஸ் வீட்டில் பத்து

அந்தக் காலத்தில் அணுக்கள் வாய் திறந்து பேசும். அவற்றின் ஊரில் ஒரே சட்டம்தான்: யாராக இருந்தாலும் தன் வெளிவட்டத்தில் எட்டு எலக்ட்ரான் இருக்க வேண்டும். குறைந்தவர்கள் இன்னொருவரோடு கைகோர்த்து, ஆளுக்கு ஒன்று போட்டு, இரண்டையும் இருவர் கணக்கிலும் வைத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் மட்டும் பச்சைக் குழந்தை. அதற்கு இரண்டே போதும் என்று ஊர் விட்டுவிட்டது.

குளோரின் அக்கா தங்கை இருவருக்கும் ஆளுக்கு ஏழுதான். ஒருவர் கையை ஒருவர் பிடித்து எட்டாக்கிக் காலம் தள்ளினார்கள். சுள்ளென்று வெயில் அடித்தால் அந்தக் கை பிரிந்துவிடும். திரும்பச் சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

"இப்படியே எத்தனை நாளைக்குடி? நிழலா ஒரு வீடு பார்ப்போம்" என்றாள் அக்கா.

முதலில் நைட்ரஜன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"என் வீடு சின்னது. எட்டுக்கு மேல ஒண்ணு வந்தாலும் தாங்காது. போயிடுங்க" என்று அவன் கதவைச் சாத்தினான். தங்கை மண்ணை வாரித் தூற்றினாள்.

அடுத்தது அவன் அண்ணன் பாஸ்பரஸ். வீடு பெரிது. ஏற்கெனவே மூன்று குளோரின்கள் அங்கே குடியிருந்தார்கள், எட்டும் நிறைந்திருந்தது. ஆனாலும் பாஸ்பரஸ், யாருக்கும் கொடுக்காமல் தனியே வைத்திருந்த இரண்டு எலக்ட்ரானை எடுத்து ஆளுக்கு ஒன்றாக நீட்டினான்.

"அண்ணே, சட்டம் எட்டுதானே?" என்றாள் அக்கா.

"என் வீட்டுல பத்து இருந்தா எவன் கேக்கிறது? உள்ள வாங்கம்மா. இனிமே இது உங்க வீடு."

ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. முன்பிருந்த மூவரும் நடுவில் சுற்றி உட்கார்ந்திருந்ததால் அக்காவுக்கு உச்சியிலும் தங்கைக்கு அடியிலும்தான் இடம். இருவரும் எட்டித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கே அவர்கள் அழுது கும்பிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் தீ வந்தது. வீடு கொதித்து அதிர்ந்தது. ஐந்து பேரையும் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று பாஸ்பரஸுக்குத் தெரிந்துபோயிற்று. அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.

"நான் குடுத்ததைத் திருப்பிக் குடுங்க."

"எங்க வீடுன்னு சொன்னீங்களே, அண்ணே!"

"சொன்னேன். இப்ப குடுங்க."

இரண்டு எலக்ட்ரானையும் பிடுங்கிக்கொண்டு இருவரையும் நெருப்பில் தள்ளினான். நடுவில் இருந்த மூவரும் குளோரின்கள்தான், சொந்த ரத்தம். அவரவர் பாஸ்பரஸின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

நைட்ரஜனைக் கல்நெஞ்சக்காரன் என்கிறார்கள். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. வா வா என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியவனைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்கள்.

"இனிமே யார் வீட்டு வாசல்லயும் நான் கெஞ்ச மாட்டேன்" என்றாள் தங்கை.

அன்று முதல்தான், சூடு ஏறினால் பாஸ்பரஸ் மூவரை வைத்துக்கொண்டு இருவரை வெளியே தள்ளுகிறான். தள்ளப்பட்டவர்கள் பச்சையும் மஞ்சளுமான புகையாக அலைந்து, எதிரே வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்று பாராமல் மூச்சுக்குழலை எரிக்கிறார்கள்.