பானெட்டுக்குக் கீழே

"என்ஜின் இப்ப ஆடவே இல்லை மேடம். ஆனா ஸ்டியரிங் நடுங்குது. ஏன்னே புரியலை."

இசக்கியம்மாள் இதைச் சொல்லும்போது அவள் குரலும் கொஞ்சம் நடுங்கியது.

கார் தொழிற்சாலையின் சோதனைக் கூடம் அது. இசக்கி அங்கே பயிற்சிப் பொறியாளர். பிளாரன்ஸ் மேடத்திடம் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். மதியம் அதிகாரிகள் மூன்று பேர் வந்து அவள் சரிசெய்த காரில் ஏறிப் பார்ப்பார்கள். பிறகு அவளைக் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஊரில் அவள் அம்மா, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அதைக் கேட்டு பிளாரன்ஸ் மேடம் கையில் டீயோடு காரருகே வந்தார். காகிதக் கோப்பையைக் காரின் டாஷ்போர்டில் வைத்தார். கார் நின்றபடியே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

டீயில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது.

"என்ஜின் எது மேல உக்காந்திருக்கு?"

"மவுண்ட் மேல மேடம். ரப்பர். உள்ளே எண்ணெய் மாதிரி ஒரு திரவம். அது போற வழியில ஒரு வால்வு. கம்ப்யூட்டர் வால்வைத் திறந்தா மவுண்ட் மெத்துனு ஆகும். மூடினா இறுகிடும்."

"நீ என்ன சொல்லி வச்சிருக்க கம்ப்யூட்டருக்கு?"

"மூடியே வைக்கச் சொல்லி."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

"ஏன்?"

இசக்கி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"பத்திரமா இருக்கட்டும்னு மேடம்."

மேடம் டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி டாஷ்போர்டில் வைத்தார். "வா, என் தோளைப் பிடி. உன் மவுண்ட் மாதிரி பிடி."

இசக்கி தயங்கித் தயங்கி இரண்டு கையாலும் தோளைப் பிடித்தாள்.

"இதுவா இறுக்கம்? வீட்டுல சோறு போடலையா?"

இசக்கி அழுத்திப் பிடித்தாள். மேடம் உடம்பைக் குலுக்க ஆரம்பித்தார். இசக்கியின் கை குலுங்கியது, தோள் குலுங்கியது, கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது.

பக்கத்துக் காரின் அடியிலிருந்து தலையை நீட்டிய மெக்கானிக் தனசேகர், "இசக்கி, மேடத்துக்கு சாமி வந்திருச்சா? என் இன்க்ரிமென்ட் எப்பன்னு கேளு!" என்றான்.

"உனக்கு இந்த வருஷம் கிடையாதுன்னு சாமி சொல்லுது," என்றார் மேடம், குலுங்குவதை நிறுத்தாமல். "இப்ப கையை லேசா விடு."

இசக்கி பிடியைத் தளர்த்தினாள். உள்ளங்கைக்குக் கீழே தோள் அதுபாட்டுக்கு ஆடியது. அவள் கை இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் கையைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பிடம் ஓடினாள்.

வால்வு திறந்தது. டாஷ்போர்டில் வைத்த டீ ஆடை கட்டும் அளவுக்கு அமைதியானது.

இசக்கி சிரித்தபடி போய் பானெட்டைத் திறந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"மேடம்! என்ஜின் முன்னைவிட அதிகமா ஆடுது!"

"ஆடட்டும்."

"அதிகாரிங்க பாத்தா?"

"அவங்க எங்கே உக்காருவாங்க?"

"சீட்ல."

மேடம் பானெட்டை மூடினார்.

"அப்ப எப்பவும் திறந்தே வச்சிடட்டுமா மேடம்?"

மேடம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, இசக்கியைப் பக்கத்தில் உட்கார வைத்து, சோதனைச் சாலையில் கொஞ்சம் வேகமாகவே போய் ஒரு பள்ளத்தில் காரை இறக்கினார். முன்னால் தொம்மென்று ஒரு சத்தம். என்ஜின் துள்ளி விழுந்தது. டீ இசக்கியின் மடியில் இருந்தது.

"புரிஞ்சிருச்சு மேடம்," என்றாள், துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே. "நிக்கிறப்ப விடணும். ஓடுறப்ப பிடிக்கணும்."

"எப்பன்னு யாரு சொல்லுவா?"

"என்ஜின் வேகத்தையும் வண்டி வேகத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா, கம்ப்யூட்டருக்கே தெரியும்."

"கேக்கச் சொல்லு, அப்ப."

மதியம் வருவதற்குள் அதையும் எழுதி முடித்தாள். மறுபடி அதே பள்ளத்தில் இறக்கிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. இந்த முறை டீயை வெளியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

அதிகாரிகள் இருக்கும் அறைக்கு நடந்து போகும்போது இசக்கி கேட்டாள்.

"மேடம், காரைப் பத்தி இப்ப பயம் இல்லை. என்னைப் பத்திதான். எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் இந்த மாதிரி ஒரு ரூம்ல உக்காந்து பேசினதில்லை. நீங்க எங்கே பேசினாலும் நடுங்கவே மாட்டேங்கிறீங்க. எப்படி மேடம்?"

மேடம் கதவைத் திறந்தார். "உள்ளே போ."

அதிகாரிகள் காரில் போய்விட்டு வந்திருந்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீள மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர்.

பிளாரன்ஸ் மேடம் உட்கார்ந்தபடியே வேலையைப் பற்றிச் சொன்னார். குரல் சீராக, நிதானமாக வந்தது. சொல்லிவிட்டு, "மீதியை இசக்கியம்மாள் சொல்வாங்க," என்றார்.

நடுவில் இருந்த மூத்த அதிகாரி இசக்கியைப் பார்த்தார்.

"நின்னுக்கிட்டிருக்கிறப்ப என்ஜின் ஓடுதான்னே எனக்குத் தெரியலை. அந்த ஆட்டத்தை எப்படிம்மா நிறுத்தின?"

பதில் இசக்கிக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. மேசைக்குக் கீழே நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இறுக்க இறுக்கப் பதில் உள்ளேயே நின்றது.

அவள் தலை குனிந்தாள்.

பக்கத்து நாற்காலியில், புடவைக்குள் பிளாரன்ஸ் மேடத்தின் முழங்கால் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

இசக்கி நிமிர்ந்து மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். அதே முகம். மறுபடி குனிந்து முழங்காலைப் பார்த்தாள்.

"பானெட்டை மூடு," என்றார் மேடம், உதடு அசையாமல்.

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பிடியை விட்டாள். உடனே அவள் முழங்காலும் ஆடத் தொடங்கியது. வாய் திறந்தது.

"நிறுத்தலை சார்," என்றாள். "அது ஆடிக்கிட்டேதான் இருக்கு."

மூத்த அதிகாரி நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லும்மா."

அவள் சொல்லத் தொடங்கினாள். அவள் முன்னாலிருந்த டம்ளரில் தண்ணீர் அசையவில்லை.