அசையாத நாற்பத்தைந்து

“என் சாமான் எதையும் தொடாம, என் கருவி தப்புன்னு நிரூபி. முடியலன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!” கருவி தப்பு என்ற உதவியாளரிடம் விருந்தினர் முன்னால் கத்தினார் ஆய்வகத் தலைவர் ஞானப்பிரகாசம். நகத்தளவு கருவிதான். ஒளியின் நிறத்தோடு அது எந்தச் சாய்வில் அதிர்கிறது என்றும் சொல்லுமாம்.

உதவியாளர் பவளக்கொடி தன் போனை அதன்மேல் காட்டினாள். “போன் திரை ஒளி ஒரே சாய்வுலதான் அதிரும் சார். போனைத் திருப்பினா அளவும் மாறணும்.”

நேராகப் பிடித்தாள், கணினித் திரையில் நாற்பத்தைந்து டிகிரி. பக்கவாட்டில் திருப்பினாள், அதே நாற்பத்தைந்து. சோதனைக்காகக் கணினியில் தானே தட்டிவைத்த எண்ணை எடுக்க மறந்திருந்தார் மேதை.

“பிடிவாதத்துல உங்களை மாதிரியே இருக்கு சார்.”

விருந்தினர்கள் சிரித்தார்கள்.

அன்று காலையில் ஞானப்பிரகாசம் அவளுக்குப் போட்ட உத்தரவு ஒன்றுதான்: போனை வெளியே வைத்துவிட்டு வா. அவள் வைக்கவில்லை.